ஏழு தையல் வீரன் குழாய்மேல் படையெடுத்த கதை

வாழ்க, வாழ்க! ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் ஒரே குத்தில் உடைத்தெறிந்த உரவோன், ரெஞ்சு ஏந்திய செங்கையன், இருபது ஆண்டுகளாக எந்தக் குழாய்க்கும் தோற்றறியாதவன், கடைசியில் யாரோ வீட்டு வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து, குனிந்ததை மறந்து விருட்டென நிமிர்ந்து, உச்சந்தலையில் ஏழு தையல் வாங்கி வீடு திரும்பிய விழுப்புண் வேந்தன், நம் பிளம்பர் பெருமகன் வாழ்க!

இரண்டு வாரம் குனியக் கூடாது, கட்டு நனையக் கூடாது என்பது மருத்துவர் ஆணை. அதைக் காக்கும் கோட்டைத் தலைவியாக மனைவி நின்றாள். படுத்த மூன்றாம் நாள்தான் அது மாவீரன் செவியில் விழுந்தது. சொட்டு. சொட்டு. சொந்த வீட்டு அடுக்களைக் குழாய்! மூன்று வருடமாக அவள் முறையிடும்போதெல்லாம் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவன் திருவாய் மலர்ந்த அதே குழாய்.

கோட்டைத் தலைவி முழங்கினாள்: "நீங்க அசையவே வேணாம். அடுத்த தெரு பிளம்பரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

அந்தோ! பிளம்பர் வீட்டுக்கு இன்னொரு பிளம்பரா! இது வெளியே தெரிந்தால் எந்த முகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு தொழிலுக்குப் போவது? மானமே பெரிதெனக் கொண்ட மறவன், அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, போர்வையை உதறி, கிறுகிறுக்கும் தலையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து எட்டடி நடந்து, நான்கு முறை நின்று, ரெஞ்சும் புது வாஷரும் கைக்கொண்டு அடுக்களைக் களம் புகுந்து, குனியாமலே பகைவன் கழுத்தைப் பற்றி, "இன்னியோட ஒழிஞ்ச நீ!" என்று கர்ஜித்து, பலங்கொண்ட மட்டும் திருகினான்.

மெயின் வால்வை மூடியிருக்கவில்லை.

சீறியெழுந்த வெள்ளம் குழாயின் தலையைக் கூரைக்கு அனுப்பி, வீரன் முகத்தில் மோதி, வெண்கட்டை நனைத்து, அடுக்களையைக் குளமாக்கியது. ஒரு கையால் குழாயையும் மறு கையால் மண்டையையும் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு, அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. தொழிலுக்கு நேற்று வந்தவன்கூட முதலில் மூடுவது வால்வைத்தான். அதையே மறந்துவிட்டானே!

ஓடி வந்தவள் வால்வை மூடிவிட்டு, அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தல சுத்துதா?"

"இல்லையே."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"கொஞ்சம் சுத்துது," என்றான் வேந்தன்.

மறுநாள் அடுத்த தெரு பிளம்பர் வந்து புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார்.