சகல மின்சாதனங்களுக்கும் தடை

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீட்டுல ஒரு குரல் கேக்கப் போகுது. அதுக்குப் பொறவு வேற யார் குரலும் இங்க எடுபடாது" என்று ஹெப்ரான் அறிவித்தார்.

அறிவிப்பு கம்பீரமாகத்தான் இருந்தது. அறிவித்தவருடைய இட்லித் தட்டுதான் மடியில் இருந்தது. சாப்பாட்டு மேசையை ஒரு பழைய வால்வு ரேடியோ பிடித்துக்கொண்டு நாற்பது நாள் ஆகிவிட்டது.

"கேக்கலைன்னா?" என்று சாம்பார் வாளியோடு நின்றாள் மனைவி ரீபா.

"கேக்கும்."

"கேக்கலைன்னா?"

"எடுத்த இடத்துலயே கொண்டு போட்டுருதேன். போதுமா?"

"போதும். சனிக்கிழமை ராத்திரி எனக்கு மேசையில உக்காந்து சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சாம்பார் வாளியும் கூடவே போய்விட்டது.

ஹெப்ரான் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து நான்கு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றார். முப்பத்திநாலு வருஷம் உத்தரவு எழுதியவர். பாளையங்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் உத்தரவு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். 'என்றைக்காவது ஒருநாள் இந்த வீட்டில் நம் உத்தரவு ஒன்று அமலுக்கு வராதா' என்று அவருக்கு ஓர் ஏக்கம். அந்த நேரத்தில்தான் மேலப்பாளையத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காஜா முகைதீன் பாயிடம், மாஞ்சோலை மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த மரப்பெட்டி ரேடியோவை அவர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வாங்கி வந்து முதுகுப் பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு எலிக்குடும்பம் நான்கு தலைமுறையாக வாழ்ந்த அடையாளம் இருந்தது. அடுத்த வீட்டு முப்பிடாதி வந்து எட்டிப் பார்த்தார். இப்போது மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வாலிபத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றவர்.

"ஓய், இந்த கண்டன்சர் எல்லாம் செத்துப் போச்சு வே. ஒண்ணையும் விடாதீரும், எல்லாத்தையும் மாத்தணும். நேரா பிளக்கைச் சொருகிராதீரும். குண்டு பல்பு ஒண்ணை நடுவுல போட்டு, கரண்டைப் பைய உடணும். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா உள்ள எங்கனயோ ஷார்ட்டு. மங்கலா எரிஞ்சா நீரு பொழைச்சீரு."

அதிலிருந்து வீட்டில் ஈயம் உருகும் வாசனைதான். பதினொரு கண்டன்சர் மாற்றினார். மக்கிப்போன வயர்களை மாற்றினார். ஒரு வால்வு கை தட்டிக் கீழே விழப்போனது. மனிதர் கிரிக்கெட் ஆட்டக்காரர் மாதிரி பாய்ந்து பிடித்தார். பாய்ந்த இடத்தில் முருங்கைக்காய்க் குழம்பு இருந்தது.

"அந்த வால்வுதான் இப்ப உமக்கு வாழ்வா?" என்றாள் ரீபா.

"ஆமா. வால்வு போச்சுன்னா வாழ்வு போச்சு."

"குழம்பு போச்சு. அதுக்கு என்ன சொல்லுதீக?"

ஒருதரம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கைவைத்து ஷாக் வாங்கினார். கண்டன்சருக்குள் கரண்டு தங்கியிருக்கும் என்று முப்பிடாதி அப்புறம் சொன்னார். அன்றைக்கு ஹெப்ரான் போட்ட சத்தத்தில், தெருக்கோடி வரைக்கும் ரேடியோ வேலை செய்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள்.

சனிக்கிழமை வந்தது. ஐந்தரை மணிக்கே முப்பிடாதி ஆஜர். மொட்டைமாடியில் ஏரியல் கட்டியாயிற்று. ஹெப்ரான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சுவிட்சைப் போட்டார். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து, அப்படியே மங்கி நின்றது. பெட்டிக்குள் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செவ்வெளிச்சம் பிடித்தன.

"எரியுது வே! எரியுது!" என்று முப்பிடாதி தொடையில் தட்டினார். அது ஹெப்ரானுடைய தொடை.

குமிழைத் திருகினார். உஸ்ஸ். இன்னும் கொஞ்சம். உஸ்ஸ். இன்னும் ஒரு மயிரிழை.

"...பாபநாசம் அணையின் இன்றைய நீர்மட்டம்..."

ஹெப்ரான் துள்ளியே விட்டார். வாழ்நாளில் அணை நீர்மட்டத்தைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டவரில்லை. இப்போது கண்ணில் நீர்மட்டம் ஏறியது. "ரீபா! பேசுது! ஓடி வா, பேசுது!"

ரீபா வந்தாள். அவள் வந்து நிற்கவும், "ஙொய்ய்ய்ய்" என்று ஆயிரம் வண்டு பெட்டிக்குள் புகுந்த மாதிரி ஓர் இரைச்சல். நீர்மட்டம் முங்கிப்போனது.

"நல்லாப் பேசுது" என்றாள் ரீபா.

முப்பிடாதி காதை வைத்துக் கேட்டார். எழுந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ரேடியோ மேல குத்தமில்ல. உம்ம வீட்டு மேலதான் குத்தம். இந்த எல்.ஈ.டி. லைட்டு, போன் சார்ஜர், டி.வி. பெட்டி, இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர், எல்லாம் சேந்து கூச்சல் போடுது. அந்தக் காலத்துல இந்தக் கழுதைகள் எதுவும் கிடையாதுல்லா?"

ஹெப்ரான் புயலானார். சமையலறை லைட்டை அணைத்தார். இரைச்சலில் கால்வாசி போயிற்று. சார்ஜரைப் பிடுங்கினார், பாதி போயிற்று. ஃபேன், இன்வெர்ட்டர், கடைசியாக டி.வி. அதை அணைத்ததும் ரேடியோ தேன் மாதிரி ஒலித்தது. யாரோ நெற்பயிருக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசினார். இதைவிட இனிமையான பேச்சை ஹெப்ரான் கேட்டதே இல்லை.

அணைந்த டி.வி.யைப் பார்த்தபடி நின்றவருக்கு ஒரு யோசனை உதித்தது. முப்பிடாதியை வழியனுப்பிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தார். பழைய கை, மளமளவென்று ஓடியது.

"ரீபா, கேட்டுக்கோ. 'தினமும் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, இவ்வீட்டிலுள்ள சகல மின்சாதனங்களும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். வெளிச்சத்துக்கு ஒரு குண்டு பல்பு மட்டும் அனுமதி. இதற்கு விதிவிலக்கு கிடையாது.' உன் சீரியலும் சேத்துத்தான்."

ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றாள் ரீபா.

இழுத்த மூச்சு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. "என்னது?"

"சரின்னேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க."

ஒட்டினார். ஒட்டும்போது மெல்லச் சீட்டியடித்தார்.

"ஆனா சீரியலுக்கு ஒண்ணும் மோசமில்ல. அதை மறுநா மத்தியானம் திரும்பவும் போடுதான். நாலு வருசமா நான் அப்பத்தான் பாக்குதேன்" என்றாள் ரீபா. "எட்டு மணிக்கு நாலு பேரு உக்காந்து சண்டை போடுவானே, அதை நீங்கதான பாப்பீக?"

சீட்டி நின்றது. எட்டு மணி விவாதம் இல்லாமல் ஹெப்ரானுக்குச் சோறு இறங்காது. ஆனால் போட்ட உத்தரவைப் போட்டவரே மீறினால் தாலுகா ஆபீசின் கௌரவம் என்னாவது?

"போகட்டும். எனக்கு ரேடியோ போதும்."

"ரொம்ப சந்தோசம். அப்ப வாங்க, அரிசி ஊறிட்டு. நாளைக்குச் சர்ச் முடிஞ்சு பெண்கள் சங்கத்துல இருபது பேரு நம்ம வீட்டுக்கு வாராக. இப்ப ஆட்டுனாத்தான் மாவு காலையில பொங்கி நிக்கும்."

"கிரைண்டர்ல போட்டு ஆட்டு."

ரீபா கிரைண்டரைப் போட்டாள். பெல்ட் சுற்றச் சுற்ற ரேடியோ கரகரகரவென்று தொண்டையைச் செருமியது. உரம் வைத்தவர் காணாமல் போனார். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். ஹெப்ரானும் பார்த்தார். 'சகல' என்பதற்குக் கீழே அவரே கோடு போட்டிருந்தார், இரண்டு கோடு.

"காலையிலயே ஆட்டி வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம். ஆனா ஆறு மணிக்கு ஆட்டுறதுதான் இருபத்தாறு வருசமா வழக்கம். எனக்குத் தோள்வலி வேற. குனிஞ்சு ஆட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"அப்ப யாரு ஆட்டுறது?"

வீட்டில் இருந்தது இரண்டே பேர். பதிலுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

பின்வாசலுக்குப் போனார். செம்பருத்திச் செடி ஓரம் வருஷக்கணக்காகப் பாசி படிந்து கிடந்த ஆட்டுக்கல், தேய்த்துக் கழுவி, துடைத்து, பளபளவென்று இருந்தது. பக்கத்தில் உட்கார ஒரு மணைப்பலகை. கையெட்டும் தூரத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

"இதை எப்பக் கழுவுன?"

"நேத்து. நீங்க வால்வு வாங்கப் போயிருந்தீகள்ல, அப்ப முப்பிடாதி அண்ணாச்சி சொன்னாக: ரேடியோ பேசுனா வீட்டுல வேற ஒண்ணும் ஓடக் கூடாதுன்னு."

வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஹெப்ரான் உட்கார்ந்தார். முதல் ஈடு அரிசியைத் தள்ளினார். குழவி ஒரு சுற்றுச் சுற்றவே முதுகில் எங்கனயோ ஷார்ட் ஆனது. சாப்பாட்டு மேசையிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு மாறியிருந்தது ரேடியோ. அதன் பக்கத்தில், ஹெப்ரானுடைய சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, ரீபா காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அருமையான நாகஸ்வரக் கச்சேரி ஒன்று போட்டார்கள். நாற்பத்திரண்டு நாள் உழைப்பு ஒவ்வொரு சுரத்திலும் கணீரென்று கேட்டது. ஹெப்ரானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த உற்சாகத்தில் குழவியை வேகமாக ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் பைய ஆட்டுங்க. கல்லு சத்தத்துல ரேடியோ ஒண்ணுமே கேக்கல."