கணக்குப்பிள்ளைக்கு ஒற்றை நட்சத்திரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். மிளகாய் வத்தல், மல்லி, சீரகம் என்று பில் எழுதுவதுதான் இருபத்தாறு வருடமாக என் எழுத்துப் பணி. அதில் பிழை வந்தால் முதலாளி திருத்துவார். இதைத் திருத்த ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரன் வீடியோ கேம் பற்றி எழுத உட்காருவது சரிதானா என்று யாராவது கேட்டால், சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நடந்ததை என் மனைவி கோமதி ஏற்கெனவே சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் மோசமாக வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பேசாதவன். அடக்கம் காரணமல்ல, வாய் வராது, அவ்வளவுதான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் "ஆளிறங்கணும்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தக் குரல் இல்லை. வேறு யாராவது இறங்கினால் பின்னாலேயே இறங்குவேன். யாரும் இறங்காத நாளில் அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து திரும்புவேன். (உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.)

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாடு பற்றி கோமதியிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானம் கடையில் சாப்பிட்டு முடித்ததும், பழைய பில் தாளின் பின்பக்கத்தில் கருத்தை எழுதி காலி டிபன் கேரியருக்குள் வைத்து அனுப்பிவிடுவேன். "சாம்பாரில் புளி முன்னால் நிற்கிறது, பருப்பு பின்னால் ஒளிகிறது." கல்யாணமான இரண்டாவது மாதத்தில் தொடங்கிய பழக்கம். அவளும் பதிலைத் தாளிலேயே எழுதி மறுநாள் கேரியரில் வைப்பாள். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நீங்களே வைங்க."

பேசாத மனிதனுக்கு விளையாட்டு பெரிய ஆறுதல். என் மகள் பவித்ரா சிறியவளாக இருந்தபோது டி.வி.யில் மாட்டி ஆடும் பெட்டி ஒன்றை வாங்கினேன், அவளுக்கு என்று சொல்லி. கேசட்டைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினால்தான் ஓடும். குதிப்பது, சுடுவது, சாவது, வேறொன்றும் கிடையாது. ஆனால் நேர்மையான ஆட்டங்கள். செத்தால் ஏன் செத்தோம் என்று தெரியும். இன்றைக்கு போனில் வரும் ஆட்டங்களில் செத்தவனுக்கு ஒரு விளம்பரத்தைக் காட்டி உயிரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்படி வாங்கும் உயிரில் எனக்கு மரியாதை இல்லை. (வாங்கியிருக்கிறேன். பலமுறை.)

பட்டன் போனில் வந்த பாம்பு ஆட்டத்தில் நான் கெட்டிக்காரன். அதைத் தனியாக மட்டுமே ஆட முடியும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். பவித்ரா இல்லாத நேரத்தில் அவள் லேப்டாப்பில் விவசாய ஆட்டம் ஒன்று ஆடினேன். இசை நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் பூச்சி இல்லை, மழை சொன்ன நேரத்துக்குப் பெய்கிறது, மாட்டைத் தடவினால் மாட்டின் தலைக்கு மேல் இதயம் பறக்கிறது. நான் அறிந்த மாடுகள் உதைக்கும்.

ஒரு மாலில் கன்சோலை வெளியே வைத்து, யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். கையில் பிடிக்கும் அந்தச் சாதனத்தில் இரண்டு குச்சிகள். ஒன்று காலுக்கு, மற்றது தலைக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்கு ஓடவில்லை. என் வீரன் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சுவரில் பத்து நிமிடம் நடந்தான். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. எப்படி விலகுவது என்று தெரியாமல் அவனை மேலும் ஐந்து நிமிடம் நடத்தினேன்.

நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுடும் ஆட்டத்தில் மட்டும் எனக்குப் பெயர் உண்டு. என் அணிக்காரர்கள், அடையாளம் தெரியாத பிள்ளைகள், "மாமா, மைக் ஆன் பண்ணு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். (மாமா என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ.) பயந்துபோய் ஒரு வீட்டின் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு குண்டும் சுடாமல் இரண்டாவது இடம் வந்தேன். தூரத்தில் எல்லோரும் சுட்டுக்கொண்டு கிடக்க நான் பாட்டுக்கு இருக்க முடிந்தது. வடிவமைப்பில் அதைப்போல் சிறந்த ஆட்டம் வேறில்லை என்பது என் கருத்து.

இந்தக் கருத்துகளை யாரிடம் சொல்வது? போனில் ஆட்டங்களை இறக்கும் இடத்தில், கீழே விமர்சனம் எழுதும் பெட்டி ஒன்று உண்டு. அங்கே "உள்ளதைச் சொல்பவன்" என்ற பெயரில் எழுத ஆரம்பித்தேன். தமிழில்தான். கடையில் மத்தியானம் கூட்டம் குறைந்ததும், வத்தல் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவேன். ரேட் பார்க்கிறேன் என்று முதலாளி நினைத்துக்கொள்வார். என்னைப் படிக்கிறவர்களும் இருந்தார்கள். "அண்ணன் ரொம்பக் கறார்" என்று ஒருவர் எழுதியதை நாலு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பேச முடியாதவனுக்குக் கறார் என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் மீதிக் கதை.

பவித்ரா படிப்பை முடித்து, கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு சிறிய கேம் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் பரீட்சை. அவளுக்கென்று கொடுத்த வேலை சரியாக இருந்தால்தான் நிரந்தரம். என்ன ஆட்டம் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் சொல்லவில்லை. நான் ஆட்டங்கள் ஆடுகிறவன் என்பதை நானும் அவளிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ரகசியத்தோடு இட்லி சாப்பிட்டோம்.

அந்தச் சமயத்தில் "மொத்தக் கடை" என்று ஒரு புதிய ஆட்டம் வந்தது. வெளியிட்டது பெங்களூர்க் கம்பெனி என்று போட்டிருந்தது. மசாலா மொத்த வியாபாரக் கடை நடத்த வேண்டும். என் தொழிலாயிற்றே, விடுவேனா. ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு எழுதினேன்:

"படம் அழகு. ஆனால் சத்தம் முன்னால் நிற்கிறது, கடை பின்னால் ஒளிகிறது. வத்தல் சாக்கைப் பிரித்தால் நாலு பேர் தும்ம வேண்டும். இங்கே ஒருவரும் தும்மவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தக் கணக்குப்பிள்ளை. ஆள் வந்தால் எழுந்து நிற்கிறார். தொண்டையைக் கனைக்கிறார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறோம். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். இப்படி ஒரு மனிதன் இருக்கவே முடியாது. இதைச் செய்தவர் வாழ்க்கையில் ஒரு கணக்குப்பிள்ளையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆளை எடுத்துவிட்டால் ஆட்டம் உருப்படும்."

எழுதி முடித்ததும் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, ஏதோ கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் ஒரு சுழி சுழித்ததாக ஞாபகம். அவ்வளவு திருப்தி.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கம்பெனியில் குடும்பத்தினரை அழைத்து ஒரு சின்ன விழா. "அப்பா, லீவு போட்டு வரணும் கேட்டோ. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றாள் பவித்ரா. போனோம். முப்பது நாற்பது பேர், பழம்பொரி, டீ, பெரிய திரை. கோமதி பட்டுப் புடவையில் முன் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் கடைசி வரிசைக்குப் போக எழுந்தபோது பவித்ரா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

திரையில் "மொத்தக் கடை" வந்தது.

பெங்களூர்க் கம்பெனி வெளியிட்டதுதான், செய்து கொடுத்தது இவர்களாம். கணக்குப்பிள்ளை திரையில் எழுந்து நின்றார். காதில் பேனா. தொண்டையைக் கனைத்தார்.

"அப்பா, இது நான் செஞ்சதாக்கும்" என்று பவித்ரா காதில் சொன்னாள். "ஆட்டத்தில இந்த ஆள் மட்டும் முழுசும் என் வேலை. யாருன்னு தெரியுதா?"

தெரிந்தது. அப்போதுதான் தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த மைக்கறைகூட என்னுடையது.

அவளுடைய மேலதிகாரி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு மலையாளி, நல்ல பிள்ளை. எல்லோரையும் வரவேற்றுவிட்டு, "பாராட்டு நிறைய வந்தது. ஆனால் நமக்குப் பாடம் திட்டு வாங்குவதில்தான்" என்று சொல்லி, திரையில் ஒரு விமர்சனத்தைப் போட்டார். ஒற்றை நட்சத்திரம். உள்ளதைச் சொல்பவன். "தமிழ் எனக்கு வாசிக்க வராது, போனில் மொழிபெயர்த்துத்தான் பார்த்தேன். பவித்ரா, நீ வாசி."

என் மகள் எழுந்து, என் விமர்சனத்தை, நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அவளுக்கு நல்ல குரல். சத்தம் முன்னால் நிற்கிறது, கடை பின்னால் ஒளிகிறது என்ற இடத்தில் கோமதியின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. "இதைச் செய்தவர் வாழ்க்கையில்" என்ற இடத்தில் பவித்ராவின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கடைசி வரி வரை வாசித்தாள்.

"பலர் இதை ஆமோதித்திருக்கிறார்கள்" என்றார் மேலதிகாரி. "அதனால் நாளை வரும் புதிய பதிப்பில் கணக்குப்பிள்ளையை எடுத்துவிடலாம் என்று முடிவு. பவித்ரா, விஷமிக்கண்டா, அடுத்த வேலையில் பார்க்கலாம்." வருத்தப்படாதே என்கிறார். ஆறு மாதப் பரீட்சையில் அவள் எழுதிய ஒரே விடை அது.

அப்போது கோமதி பேசினாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"ஏட்டி பவித்ரா, இது உங்கப்பா எழுத்துல்லா. என் சாம்பாருக்கு எழுதி அனுப்புறதும் இதுதானே. முன்னால நிக்குது, பின்னால ஒளியுது. இருபத்தஞ்சு வருஷமா நான் வாசிக்கேன், எனக்குத் தெரியாதா?"

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரர் ஒருவர் எழுதிய விமர்சனமாயிற்றே. என்னைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மைக்கைக் கொடுத்தார்.

"சேட்டா, எழுதிய ஆளே மனசு மாறினால் நாங்களும் மாறத் தயார். கணக்குப்பிள்ளை இருக்கட்டுமா, போகட்டுமா? ஒரு வாக்கு பறஞ்ஞால் மதி."

ஒரு வார்த்தை போதுமாம். "இருக்கட்டும்." அதைச் சொன்னால் போதும். பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் இல்லை, ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

தொண்டையைக் கனைத்தேன்.

எனக்குப் பின்னால் திரையில், ஆளுயரத்துக்கு, கணக்குப்பிள்ளையும் கனைத்தார். கூட்டம் கைதட்டியது. ஏதோ நாங்கள் இருவரும் ஒத்திகை பார்த்து வந்தோம் என்று நினைத்திருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே என்று திரும்பித் திரையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கண் சாக்கு அடுக்கில் போய் நின்றது.

"மல்லிச் சாக்கை வத்தலோட ஒட்டி அடுக்கக்கூடாது" என்றேன். "நெடி ஏறிரும்."

அவ்வளவுதான் நான் பேசியது. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கி உட்கார்ந்தேன். மேலதிகாரி பணிவாக ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கோமதி சிரித்துக்கொண்டே வந்தாள். பவித்ரா ஜன்னல் ஓரம். பழவங்காடி நிறுத்தம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"நட்சத்திரம் போகட்டும்ப்பா, சாரமில்ல, பரவாயில்ல. இப்படி ஒரு மனுஷன் இருக்கவே முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே. நான் இருபத்திமூணு வருஷமா அவர்கூடத்தானே இருக்கேன்."

அன்று சாயங்காலம் விமர்சனத்தைத் திருத்தி ஐந்து நட்சத்திரம் போட்டு, "கணக்குப்பிள்ளை தத்ரூபம், தயவுசெய்து எடுக்க வேண்டாம்" என்று எழுதினேன். கீழே யாரோ, "அண்ணனை மிரட்டிட்டாங்க போல" என்று பதில் போட்டார்.

பிற்பாடு அவளை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் ஆள் உருவாக்கும் பிரிவில் இல்லை. செத்தவர்களுக்கு விளம்பரம் காட்டி உயிர் கொடுக்கும் பிரிவில். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். அலுவலக விஷயம் மட்டும் பேசுவதில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து நான் தொண்டையைக் கனைத்தால், கோமதி அவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, மல்லிச் சாக்கு வருது" என்பாள். விருந்தாளிகளுக்கும் இப்போது கதை தெரியும். பவித்ராவும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதித்து.

இதெல்லாம் பிறகு நடந்தது. மறுநாள் சனிக்கிழமை நான் வழக்கம்போல் கடைக்குப் போனேன். பதினொரு மணிக்குப் புதிய பதிப்பு வந்தது. கணக்குப்பிள்ளை இல்லை. அவர் மேஜைமேல் ஒரு பில் மெஷின் இருந்தது. மல்லிச் சாக்குகளைத் தள்ளி அடுக்கியிருந்தார்கள்.