நடீனின் துப்பாக்கிக்கு டெல்பர்ட் செய்த உபகாரம்

கெட்டுப்போன சாமானைப் பழுதுபார்க்கிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் நல்லவர்கள், வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே பார்க்கப்போவது இன்னொரு இனத்தை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைப் பழுதுபார்க்கிறவர்கள். இவர்கள் கூலி கேட்பதில்லை. கேட்டாலாவது வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாம். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம்" என்றபடி திருப்புளியோடு வந்து நிற்பார்கள். அந்த 'ஆனா' காதில் விழுந்ததும் விவரம் தெரிந்த வீட்டுக்காரிகள் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்.

ஓக்லஹோமாவில், எங்கள் பக்கத்தில், இந்த இனத்தின் தலைமகன் டெல்பர்ட் ஹாஸ்க்யூ. நாற்பத்தொரு வருஷம் ஊரிலுள்ள ஏசி எந்திரங்களையெல்லாம் பழுதுபார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கெட்டுப்போன சாமான் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் நல்ல சாமான். பாவம், மனிதர் என்ன செய்வார்? முப்பது வருஷமாகக் கீச்சிட்டுக்கொண்டே மூடிய வாசல் கதவுக்கு வைத்தியம் பார்த்தார். இப்போது அது கீச்சிடுவதில்லை, மூடுவதுமில்லை. ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. டோஸ்டர் ரொட்டியை மேலே தள்ளும் வேகம் போதவில்லை என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை ரொட்டியைக் குளிர்பெட்டியின் தலையிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் அவர் மனைவி நடீன் பொறுத்துக்கொண்டாள். அவள் நீதிமன்ற வாசலில் காவல் வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் பையைச் சோதிப்பாள். இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அந்தத் துப்பாக்கியால் ஐம்பது குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். பத்துக்கு மேல் தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால் ஜூன் மாதம் டெல்பர்ட்டின் வலது முழங்காலுக்கு நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சையும் போகும். ஆக, டெல்பர்ட்டின் முழங்கால் நடீனின் துப்பாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கியைத்தான் அவர் பிப்ரவரியில், திருமண நாளுக்குப் பரிசாக, மேம்படுத்தினார்.

"என்ன செஞ்ச, டெல்பர்ட்?"

"விசைய இழுத்துப் பாரு. வெண்ணெய்."

"முன்னாடி என்ன குறை கண்ட?"

"குறையா? ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..."

நடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

டெல்பர்ட் செய்தது சின்ன வேலை. துப்பாக்கியின் சுத்திக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது சுத்தியைத் தள்ளும், சுத்தி ஊசியை அடிக்கும், ஊசி குண்டின் பின்புறத்திலுள்ள பொட்டை இடிக்கும், பொட்டு வெடித்தால் குண்டு கிளம்பும். அந்த முரட்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தபாலில் வரவழைத்த மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினார். விசை வெண்ணெய் ஆனது உண்மை. ஆனால் ஊசி இப்போது பொட்டை, மாமனார் வீட்டுக் கதவைத் தட்டும் புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு தட்டியது. உள்ளே இருந்தவருக்குக் காது கேட்கவில்லை.

துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் முதல் நாளே இருபது குண்டில் எட்டு, 'டிக்' என்றதோடு நின்றுவிட்டன. எங்கள் மைதானத்துக்கு அதிகாரி ஆர்வில் டீக். கண்டிப்பானவர். வெடிக்காத குண்டு சில சமயம் யோசித்து வெடிக்கும் என்பதால், 'டிக்' என்று கேட்டால் துப்பாக்கியை, குறிப்பலகைகளுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்த்துப் பிடித்தபடி முப்பது விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஆர்வில் ஒரு படி மேலே போய், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும் என்பார். கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணுவார். எட்டு 'டிக்'குக்கு எட்டு மௌனம். நாலாவது மௌனத்தில் ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டு முடித்தார். ஏழாவதில் இரண்டு பேர், பதினோரு வருஷமாகப் பேசாதவர்கள், வேறு வழியில்லாமல் சமாதானம் ஆனார்கள்.

இனி டெல்பர்ட் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டியிருப்பார் என்றா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் துப்பறியத் தொடங்கினார். முதலில் குண்டைச் சந்தேகப்பட்டார். நாலு கம்பெனிக் குண்டு வந்து இறங்கியது. அப்புறம் எண்ணெயை, தூசியை, பிப்ரவரிக் குளிரை, மார்ச் மாதத்து ஈரக்காற்றை, பொட்டு செய்த நாட்டின் தொழிலாளர் ஒழுக்கத்தை, கடைசியில் நடீனின் மணிக்கட்டை. வெடிக்காத குண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தி, பொட்டில் விழுந்த தழும்பின் ஆழத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். தழும்பு, கொசு கடித்த அளவுக்குத்தான் இருந்தது. அந்த மேசையில் இடமில்லாததால் புருஷனும் பெண்டாட்டியும் ஏழு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இணையத்தில் துப்பாக்கிப் பித்தர்கள் கூடும் இடத்தில் கேள்வி கேட்டார். நாலாவது நிமிஷத்தில் ஒருவர், "பழைய ஸ்பிரிங்கை மாட்டுங்க" என்று பதில் போட்டார். 'விவரம் போதாத பையன்' என்று டெல்பர்ட் முடிவுகட்டினார். அதற்கப்புறம் வந்த நாற்பத்து மூன்று பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பழைய ஸ்பிரிங் எங்க?" என்று நடீன் கேட்டாள்.

"தூண்டில் பெட்டில பத்திரமா இருக்கு. பிரச்சினை அது இல்ல, நடீன்."

பழைய ஸ்பிரிங் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், 'பழசு. எறியாதே' என்று அவர் கையால் எழுதிய சீட்டோடு இருந்தது. இந்த இனத்தார் எதையும் எறியமாட்டார்கள். திரும்ப மாட்டவும் மாட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நீளமான புது ஊசி ஒன்றைப் போட்டபின், ஐம்பதில் ஆறுதான் வெடிக்கவில்லை. டெல்பர்ட் முகம் மலர்ந்துவிட்டது.

"நூத்துக்கு எண்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துல நான் வாங்காத மார்க்கு."

"நாளைக்கு ஒருத்தன் கத்தியோட வாசல்ல வந்து நிப்பான். 'கொஞ்சம் பொறுப்பா, இது அந்த ஆறுல ஒண்ணு'ன்னு அவன்கிட்ட சொல்லவா? அந்த ஆறு போக நான் குறி தப்பறது வேற இருக்கு. உன் முட்டிய நினைச்சுப் பாரு."

அவர் நினைத்துப் பார்த்தார். படியேறும்போது அந்த முட்டி படுத்துகிற பாடு அவருக்குத்தான் தெரியும். முதல்முறையாக மனிதருக்குப் பயம் வந்தது. பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பீட்சா வாங்கிவரப் போனார்.

சனிக்கிழமை நடீன் சுட்டாள். ஐம்பது குண்டும் வெடித்தன. நாற்பத்தேழு குறியில் பட்டன. டெல்பர்ட் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, கடைசிக் குண்டில் எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டார். அழுகை நின்றதும் உபந்நியாசம் தொடங்கியது. ஒரு குடுவைக் காப்பி தீரும்வரை மெல்லிய ஸ்பிரிங்கின் தத்துவத்தையும், தான் கண்டுபிடித்த நீள ஊசியின் மகிமையையும் விளக்கினார். நடீன் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர், விவரம் தெரிந்தவர்கள்தான், தங்கள் துப்பாக்கிகளையும் மேம்படுத்தித் தரச்சொல்லி டெல்பர்ட் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமையைப் போல அமைதியான சனிக்கிழமையை எங்கள் ஊர் கண்டதில்லை. ஒரு 'டிக்', முப்பது விநாடி. அடுத்தவர் 'டிக்', முப்பது விநாடி. ஒன்பது மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் மொத்தம் பத்தொன்பது குண்டுதான் வெடித்தது. மண்மேட்டில் இரண்டு மான்கள் வந்து மேய்ந்தன. எதிரேயுள்ள தேவாலயத்திலிருந்து, பெக்கான் பை என்று இங்கே சொல்கிற பருப்புப் பலகாரம் ஒரு தட்டு வந்தது. ஊருக்கு நல்ல புத்தி வந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி என்று கூடவே ஒரு சீட்டு. எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப்போன ஆர்வில், நடீனிடம் வந்தார்.

"ஏம்மா, உன்னோடது மட்டும் எப்படி வெடிச்சுது?"

நடீன் கைப்பையிலிருந்து அந்தச் சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தாள். 'பழசு. எறியாதே' என்பது அடிக்கப்பட்டு, கீழே அவள் கையெழுத்தில் 'புதுசு. மாட்டாதே' என்றிருந்தது. உள்ளே மெல்லிய ஸ்பிரிங்.

"எப்ப மாத்தின?" டெல்பர்ட் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. நீ பீட்சாவுக்குப் போனப்ப. பத்து நிமிஷ வேலை. ரெண்டு மாசமா நீ கழட்டறதப் பாத்தே பழகிருச்சு."

"அப்ப நான் செஞ்சதெல்லாம்?"

"இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. பத்திரமா வெச்சுக்க."

டெல்பர்ட் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் காது சிவந்துவிட்டது. வரிசையில் யாரும் அசையவில்லை. ஆர்வில் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக முப்பதாவது விநாடியில் டெல்பர்ட் வெடித்தார்:

"சரி, பழசுதான் நல்லது. ஒத்துக்கறேன். ஆனா அதுலயே ஒரு அரைச் சுத்து மட்டும் வெட்டினா..."

நடீன் பையைப் பிடுங்கிக்கொண்டு, பழசு மாட்டியிருந்த தன் துப்பாக்கியையும் கையால் பொத்திக்கொண்டாள்.

ஜூனில் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து டெல்பர்ட் கைத்தடி இல்லாமல் படியேறிக் காட்டியபோது மருத்துவர் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், "ஆனா இன்னும் கொஞ்சம்..." அவர் முடிப்பதற்குள் டெல்பர்ட் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார். ஓடினார் என்றே சொல்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் திரும்ப மாட்டினீர்களே, அப்போது ஒரு திருகாணி மிச்சமானது. அதை எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? சொல்ல வேண்டாம். படிக்கும்போது அந்த விசிறிக்கு நேர் கீழே மட்டும் உட்காராதீர்கள்.