ஊடலையை அணைத்த கதை

நாளேட்டில் வரும் எச்சரிக்கைகள் யாவும் பிறருக்காகவே அச்சிடப்படுகின்றன என்பது என் நெடுநாள் நம்பிக்கை. போடிமெட்டுச் சாலையின் கொண்டையூசி வளைவொன்றில் அது தகர்ந்தது.

மகள் கயல்விழிக்கு ஏலத்தோட்டக் குடும்பமொன்றில் மணம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வீடு காண, அவருடைய பெற்றோருடன் வாடகை ஜீப்பில் மலையேறினேன். பொது இடங்களில் ப்ளூடூத்தைத் திறந்து வைத்தால் அயலார் நம் கைப்பேசிக்குள் நுழைவர், அதைக் காப்பது பயனரின் கடமை என்று அன்று காலைதான் படித்திருந்தேன். (ப்ளூடூத் என்றெழுதவே கை கூசுகிறது. ‘ஊடலை’ என்பதே தமிழ். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன் வேறெப்படிச் சொல்வேன்?)

மாப்பிள்ளையின் தந்தையிடம் கனிவோடு மொழிந்தேன்: “ஐயா, ஊடலையை அணைத்துவிட்டீர்களா? குடும்பத்துச் செய்தி வெளியே கசிந்துவிடும்.”

அவர் முகம் கறுத்தது. வெளியே பார்த்தபடி அமர்ந்திருந்த அவர் மனைவி வெடுக்கெனத் திரும்பினார். அன்று காலை இருவருக்கும் பெருஞ்சண்டை நிகழ்ந்ததை நான் எங்ஙனம் அறிவேன்?

“நாம சண்ட போட்டத இவருகிட்ட யாரு சொன்னது?” என்று மனைவியிடம் சீறினார் அவர். “ஊடலுன்னா என்னான்னு நானும் படிச்சிருக்கேன்ல!”

“நடுரோட்டுல கட்டிப்பிடிக்கச் சொல்றாக! அப்பு, வண்டிய நிப்பாட்டு. இந்தச் சம்பந்தம் சரிப்படாது” என்றார் அம்மையார்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நான் ‘கம்பியில்லா இணைப்பு’, ‘அலைவரிசை’ என்று விளக்க விளக்க வழக்கு முற்றியது. ‘ப்ளூடூத்’ என்னும் ஒரு சொல் என் மகளின் வாழ்வைக் காத்திருக்கும்; ஆனால் அதைச் சொல்லத் தமிழ் நா எழவில்லை. அந்நேரம் கயல்விழி அழைத்தாள். ஏற்றேன். அவள் குரல் ஜீப்பின் ஒலிபெருக்கியில் முழங்கிற்று:

“அப்பா, பேப்பர்ல படிச்ச ப்ளூடூத்துப் பாடத்த அவுககிட்ட நடத்தாதீக. ஊடலை கீடலைன்னா யாருக்கும் புரியாது. மாப்ளைய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கெடுத்துறாதீகப்பா!”

(புறப்படுகையில் பேசித்திரை ஏதோ இணைப்புக்கு ஒப்புதல் கேட்டது. பெரியவனை மதித்துக் கேட்கிறதே என்று மகிழ்ந்து அழுத்தியிருந்தேன்.)

“ஊருக்கெல்லாம் அணைக்கச் சொல்லிட்டு ஒங்களதத் தொறந்து போட்டிருக்கீகளே ஐயா!” என்றார் ஓட்டுநர்.

முதலில் சிரித்தவர் அம்மையார்தான். சிரித்த வேகத்தில் கணவர் தோளிலேயே சாய்ந்தார். “வெரசாப் போ அப்பு. மருமக மனசு மாறுறதுக்குள்ள தேதி வைக்கணும்.”

போன மூச்சு எனக்கு அவ்வளைவிலேயே மீண்டது.

இன்று மகளுக்கும் மருமகனுக்கும் பிணக்கு வந்தால் எனக்கு எவரும் சொல்வதில்லை. தீர்ந்தபின் மருமகனிடமிருந்து ஒருவரிச் செய்தி மட்டும் வரும்: “மாமா, ஊடலையை அணைச்சாச்சு.”

உடனே என் பேசியை எடுத்துப் பார்ப்பேன். என்னுடையது திறந்தே கிடக்கும்.