சுவரைப் பார்த்திருந்த சனி

இதை எழுத வேண்டும் என்று பேப்பரை எடுப்பதும், நாலு வரி எழுதி மளிகைச் சிட்டையோடு மடித்து வைத்துவிடுவதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது. என் படிப்பு எட்டாவதோடு சரி, எழுத்தில் பிழை வருமே என்ற கூச்சம் ஒன்று. எங்கள் வீட்டுப் பெண்ணின் பேர் இதில் வருகிறதே என்ற தயக்கம் இன்னொன்று. போன தைப்பூசத்துக்கு வந்திருந்த என் மகள் கோகிலாவே, "அதை எழுதிப்போடுங்கப்பா, அவரைப் பத்தி வேற யாரு எழுதப்போறாங்க" என்று சொன்ன பிறகு, மருதமலையானை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் சாய்ந்து நின்ற அத்தனையையும் நிமிர்த்தி வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு காற்றுக் குமிழும் இருக்கும் கோல், அதுதான் ரசமட்டம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் ஆறு அங்குல ரசமட்டம் இருக்கும்.

அவர் ஒரு மில்லில் பிட்டராக இருந்தவர். நூற்கும் மிஷின்களை மட்டம் பார்த்து நிறுத்துவது வேலை. மில்லை மூடிய பிறகு, என் மாவு மில்லுக்கு அடுத்த கடையில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். மிஷின் போனாலும் மட்டம் பார்க்கும் வியாதி அவரை விட்டுப் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி, சீட்டின்மேல் ரசமட்டத்தை வைத்து, "இடப்பக்கம் ஸ்பிரிங் பட்டை உக்காந்துபோச்சுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இடப்பக்கம் உக்காந்திருக்கறது எங்க கண்டக்டருங்க. அவரை எறக்கி உட்டுட்டு மறுக்காப் பாருங்க."

ஒரு கல்யாணத்தில் மணவறையில் ஏறி, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளை பக்கம் அரை நூல் அளவு தாழ்ந்திருக்குதுங்க." மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார்: "உட்டுருங்க. எப்படியும் தாழ்ந்துதானே போகோணும், இப்பவே பழகட்டும்."

அவரிடம் படம் கொடுத்தால் முதலில், "எந்தச் செவுத்துல மாட்டப்போறீங்க?" என்றுதான் கேட்பார். சட்டம் போட்டு முடித்ததும் அவரே வீட்டுக்கு வந்து ஆணி அடிப்பார். மூன்றாம் நாள் மறுபடியும் வந்து மட்டம் பார்ப்பார். என் வீட்டுக்காரி சரஸ்வதி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏனுங்க, இவரு சாமி பார்க்க வாராரா, ஆணி பார்க்க வாராரா?"

இதெல்லாம் ஊரே பார்த்தது. எனக்கு மட்டும் தெரிந்தது அவருடைய தகரப் பெட்டி.

பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் புத்தகங்கள் எடைக்கு வந்தால் அங்கேயே குந்தி உட்கார்ந்து படம் படமாகப் பிரித்தெடுப்பார். மத்தியானம் மாவு மில்லில் கூட்டம் ஓய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறப்பார். பாதி கட்டிய இரும்புப் பாலத்தின் உத்தரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர்கள். வயிற்றைக் கிழித்துக் காட்டினாற்போல உள்ளுறுப்பெல்லாம் தெரியும் நீராவி என்ஜின். புகையின்மேல் நிற்கும் ராக்கெட். ஒவ்வொன்றையும் விபூதி எடுப்பதுபோல இரண்டு விரலால்தான் எடுப்பார்.

"இதைப் பாருங்க. டெலஸ்கோப் குழாயை மொதல் மொதல்ல வானத்துப் பக்கம் திருப்புன காலத்துல ஒருத்தரு கையால வரைஞ்ச நிலா. குழி குழியா வரைஞ்சிருக்காரு பார்த்தீங்களா? இது நம்ம காலத்துல அங்கயே போயி நின்னு எடுத்தது. பூட்ஸ் கால் தடம். நடுவுல முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஆனா குழி இருக்குதுன்னு அவரு சொன்னது செரியாப் போச்சு."

"குழி இருந்து நமக்கு என்னுங்க ஆகோணும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆக வேண்டாமுங்க. இருக்குதுல்ல."

நிலாவிலிருந்து எடுத்த பூமியின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கடையில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினார். படம் வாங்க வந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்தச் சாமிங்க?" என்றார். "எல்லாச் சாமியும் இதுக்குள்ளதானுங்க இருக்குது" என்றார் ரசமட்டம். அந்த அம்மா விநாயகரை வாங்கிக்கொண்டு போனார். பூமியை யாரும் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோகிலாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு இடம் அமைந்தது. பையனின் அப்பா மோட்டார் பம்ப் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பையனும் பார்த்துப் பிடித்தும் போயிற்று. மத்தியானம் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குக் காலையில், பூஜை அறையில், மூன்று வருஷத்துக்கு முன்னால் ரசமட்டம் சட்டம் போட்டுக் கொடுத்த முருகன் படத்தைத் துடைக்கிறேன் என்று கையில் எடுத்து, கீழே போட்டுவிட்டேன். கண்ணாடி குறுக்கே விரிந்துவிட்டது.

சரஸ்வதிக்குத் தெரியாமல் துண்டில் சுற்றிக்கொண்டு ரசமட்டத்திடம் ஓடினேன். அவர் பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தார். அட்டைக்கும் முருகனுக்கும் நடுவில் வழவழப்பான ஒரு தாள் இருந்தது. கன்னங்கரேலென்ற ஆகாயம், அதில் மஞ்சள் உருண்டை ஒன்று, அதைச் சுற்றி வளையம்.

"என்னுங்க இது?"

"சனிங்க" என்றார் சாதாரணமாக.

நாங்கள் சனிக்கிழமை கோயிலில் எள் விளக்குப் போடுவோமே தவிர, சனி பகவான் படத்தை வீட்டில் வைக்க மாட்டோம். அந்த மூன்று வருஷத்தில் என் மாவு மில் மோட்டார் இரண்டு தரம் புகைந்திருந்தது. சரஸ்வதிக்கு ஆபரேஷன். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். ஏழரை நடக்கிறது என்று ஜோசியர் சொன்னார். அது எந்த வழியாக வந்தது என்று இப்போதுதானே தெரிகிறது.

"உங்களை நம்பி சாமியைக் குடுத்தா, சனியைக் கட்டிக் குடுத்துப்போட்டீங்களே" என்று சத்தம் போட்டேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "சனியை நேருக்கு நேரா பார்க்கக் கூடாதுன்னுதானே சொல்லுவீங்க? அவரு மூணு வருசமும் செவுத்தைப் பார்த்துத்தானுங்க இருந்தாரு. உங்க பக்கம் திரும்பவே இல்லீங்களே."

"எதுக்குங்க அங்க கொண்டுபோயி வெச்சீங்க?"

"வேற எங்கீங்க வெக்கறது? வெளியில வெச்சாப் பொட்டலம் மடிச்சுருவாங்க. சாமி படத்துக்குப் பொறவால இருந்தா எத்தனை வருசமானாலும் யாரும் தொட மாட்டாங்க."

மாவு அரைக்கத் தூக்குப்போசியோடு நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் இது விழுந்தது. அரை மணி நேரத்தில் தெருவே சாமி படங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. எங்க ஊட்டுப் படத்துக்குள்ள என்ன இருக்குதோ, முதலில் எனக்குப் பாருங்க என்று நெருக்கியடித்தார்கள். அவர் வரிசையாகப் பிரித்தார். டீக்கடைக்காரரின் விநாயகருக்குப் பின்னால் நீராவி என்ஜின். "அதானே, நம்ம பாய்லர் ஒரு நாள் கூட நின்னதில்லை" என்று அவர் சந்தோஷமாகிவிட்டார். தெருவில் குடியிருந்த ஒரு கண்டக்டரின் ஐயப்பனுக்குப் பின்னால் ராக்கெட். "ஆறு மாசத்துல மூணு டிரான்ஸ்பர் எப்படின்னு இப்பத்தான் தெரியுது." வளையல் கடை அம்மாவின் மகாலட்சுமிக்குப் பின்னால், மனுஷக் கையை முதல்முதலாக எக்ஸ்ரே எடுத்த காலத்துப் படம், எலும்பு விரலில் மோதிரத்தோடு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எலும்பானாலும் நகையைக் கழட்டலை பாருங்க, நம்ம கடைக்கு ஏத்த ஆளு" என்றார்.

தையல்காரர் ஒருவரின் படத்தில் வெறும் அட்டை மட்டும் இருந்தது. அவருக்குத்தான் கோபம் அதிகம். "எல்லாருக்கும் என்னென்னமோ வெச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க ஒண்ணுமில்லை?"

"உங்குளுது சின்னப் படமுங்க. நிலாவை மடிக்க மனசு வரலீங்க."

இதையெல்லாம் ரசித்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. புதுக் கண்ணாடி போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் போவதற்குள் சேதி சரஸ்வதியை எட்டியிருந்தது. "சம்பந்தி ஊட்டு ஒறம்பரை வந்து போறவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

மத்தியானம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா பூஜை அறையில் கும்பிடப் போனார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆணியைச் சுற்றிப் படம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

"சாமி எங்கீங்க?" என்றார்.

சாமி இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி உடைந்தது, சனி வந்தது, எல்லாம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால் அந்தச் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

"அந்தக் கடைக்காரரைக் கூப்புடுங்க" என்றார் அந்த அம்மா.

ரசமட்டம் வந்தார். ஒரு கையில் முருகன், ஒரு கையில் சனி. வாசல்படி தாண்டி உள்ளே வராமல் நின்றுகொண்டு, யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்:

"என்ற தப்புங்க. பொறவால என்ன வெக்கறதுன்னு நான் யாரையும் கேக்கறதில்லீங்க. கோகிலா அம்மணிக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க."

பையனின் அப்பா நிமிர்ந்தார். "அம்மணியைப் பத்தி நாங்க கேக்கவே இல்லீங்களே?"

ரசமட்டத்துக்கு வேர்த்துவிட்டது. "கேட்டீங்கன்னா சொல்லலாம்னு சொன்னேனுங்க."

காபித் தட்டோடு கோகிலா வெளியே வந்தாள். "நான்தானுங்க எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "படத்தைச் சட்டம் போடக் குடுத்துட்டு வாரதுக்கு அப்பா என்னைத்தான் அனுப்புனாங்க. இவரு நிலாவைத்தான் எடுத்தாரு. நான்தான் இதை வெய்யுங்கன்னேன்."

பையனின் அம்மா அவளையே பார்த்தார்.

"சனின்னு தெரிஞ்சேவா கண்ணு?"

"தெரிஞ்சேதானுங்க. அவ்வளவு அழகா இருந்துச்சு. அழகா இருக்கறதைப் பக்கத்துல வெச்சா முருகன் வேண்டாம்னு சொல்ல மாட்டாருன்னு நெனச்சேனுங்க."

அந்த அம்மா கையை நீட்டினார். ரசமட்டம் அந்தத் தாளைக் கொடுத்தார். அவர் வெகுநேரம் பார்த்தார். பையனின் அப்பா எட்டிப் பார்த்து, "வளையத்தைப் பாரு, ஒரு பிசிறு இல்லை. எந்த லேத்துல கடைஞ்சாங்களோ" என்றார்.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. பிறகு ரசமட்டத்திடம் கேட்டார்: "இந்தப் புள்ளைக்காகப் பொய் சொன்னீங்களா?"

"சொல்லிப் பார்த்தேனுங்க. நிக்கலீங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். "அவரு இவளைக் காப்பாத்தப் பார்க்கறாரு. இவ அவரைக் காப்பாத்த ஓடியாறா. இந்த ஊட்ல பொண்ணெடுக்கலாம்" என்று சொல்லி ஒரு வாய் குடித்தார். அப்புறம், "ஆனா எங்க ஊட்டுக்குச் சனி வேண்டாமுங்க. வேற என்ன வெச்சிருக்கீங்க?" என்றார். ரசமட்டம் பெட்டியை எடுத்துவரப் போன வேகத்தில் செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

வெற்றிலை பாக்கு மாற்றினோம். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்கள் வீட்டு அம்மன் படத்துக்குப் பின்னால், கடையில் யாரும் கேட்காமல் தொங்கிய அந்தப் பூமி இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் முருகனுக்குப் பின்னால் வெறும் அட்டைதான் என்று சரஸ்வதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அவரும் அப்படியே செய்தார். கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள், சரஸ்வதி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, நானே படத்தைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். "ஏதாவது ஒண்ணு வெய்யுங்க. என்னன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றேன். வைத்தார், கடைசிவரைக்கும் சொல்லவும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று. பேரப்பிள்ளைகள் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். நான் விடவில்லை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும்போது முருகனையும் நினைத்துக்கொள்கிறேன், வைத்தவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இப்போதே மாறி உலாவுகிறது. சம்பந்தி காலில் அவர் விழுந்தார் என்கிறார்கள், எங்கள் வாசல்படியில் நின்று அவர் அழுதார் என்கிறார்கள். அவர் யார் காலிலும் விழவில்லை, அழவும் இல்லை. அன்றைக்கு அழுதவன் நான்தான்.