வயர்மேன் பொன்னுரங்கம் விழாத படலம்

வாழ்க பொன்னுரங்கம். குமராட்சி ஈன்ற கோமான், குறடேந்திய கரத்தோன், மின்வாரியத்தில் முப்பத்தாறு ஆண்டு வயர்மேனாகத் திகழ்ந்து, ஐப்பசி அடைமழையிலும் ஆளைத் தூக்கும் புயலிலும் கம்பமேறிக் கம்பியிழுத்துக் கொள்ளிடக் கரையூர்களுக்கெல்லாம் வெளிச்சம் வழங்கிய வித்தகன், ஏறிய கம்பம் எதிலிருந்தும் ஒருநாளும் விழாத திண்தாள் வீரன், ஓய்வு பெற்று நான்காண்டு கடந்த பின்னும் ஃபியூஸ் போனால் ஊரார் வாயில் முதலில் வரும் பெயருக்கு உரியவன். அவன் புகழைச் சொல்லப் புகுந்தோம். பாதியில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளும் தெய்வம் எதுவோ, அது நமக்குத் துணை நிற்க.

அவ்வீரனுக்கு ஒரு தேர் உண்டு. உலகோர் அதை டி.வி.எஸ். வண்டி என்பர். பச்சை நிறத்தது, பதினேழு வயதினது, ஒரு பக்கக் கண்ணாடி இழந்தது, எனினும் உதைத்த இரண்டாம் உதையில் உயிர்த்தெழுவது. கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் ஒரு பையில் தொங்க அவன் காலையில் அதன்மேல் ஏறினானாயின், ஒரு வீட்டில் மோட்டாரைப் பழுது நீக்கி, மறு வீட்டில் மிக்சியின் மௌனத்தைக் கலைத்து, உச்சிப்பொழுதுக்குள் ஆறு வீட்டுக் காபியை அருந்தி முடிப்பான். மனைவி இறந்த பிறகு அவனை மனிதனாக நடமாட வைத்தது அந்த வண்டிதான். வண்டி இல்லாவிட்டால் அவன் குமராட்சியில் ஒரு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் அறுபத்திரண்டு வயது ஆள்.

அத்தகையோன், முப்பதடி உயரத்தில் நிலைகுலையாதவன், சென்ற மார்கழியில் ரேஷன் கடை வாசலில், வெறுந்தரையில், பாமாயில் வாங்க நின்ற இடத்திலேயே விழுந்தான். காலைப் பலகாரம் உண்ணாமல் பிரஷர் மாத்திரையை மட்டும் விழுங்கியதன் விளைவு என்றார் மருத்துவர். செய்தி கேட்டுக் கடலூரிலிருந்து ஓடி வந்தாள் எழிலரசி, அவன் ஒரே மகள், செம்மங்குப்பத்து ரசாயன ஆலை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வை செய்பவள், தலைக்கவசம் தரித்த தலைவி, அபாயமணிகளின் அரசி. அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தாள்.

பின்னர் நிகழ்ந்தது உடன்படிக்கை.

“தொண்ணூறு நாளு இத கட்டணும்ப்பா. ஒரு அலாரமும் வரலன்னா நானே வந்து கழட்டிடறேன், வண்டி ஒங்களோடது. வந்துச்சுன்னா சாவி எங்கிட்ட.”

“பொய்யா அடிச்சிச்சின்னா?” என்று வினவினான் சட்டநுட்பம் அறிந்த வீரன்.

“அடிச்சா அடிச்சதுதான். எங்க பிளான்ட்டுல மணி அடிச்சா பொய்யா நெஜமான்னு நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். மொதல்ல வெளிய வந்துடுவோம்.”

இவ்வாறு அவன் மணிக்கட்டில் குடியேறியது அந்த ஒற்றன். கரிய முகத்தது, கண்ணுறங்காதது, அடியெண்ணுவது, துடிப்பெண்ணுவது, தூக்கத்தையும் வேவு பார்ப்பது. அணிந்தவன் விழுந்தான் என்று அதற்குப் பட்டால் முதலில் அதிரும். பிறகு நாற்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் ‘நலமாக இருக்கிறேன்’ என்னும் பொத்தானைத் தொடாவிட்டால் எழிலரசிக்குச் செய்தி பறக்கும். இடக்கையில் வாரியம் ஓய்வு பெற்ற நாளில் அளித்த கைக்கடிகாரம் இருந்தது. அதைக் கழற்றுவது முப்பத்தாறு ஆண்டைக் கழற்றுவதாகும் என்று கருதி, ஒற்றனை வலக்கையில் கட்டிக்கொண்டான். இந்தச் சிறு முடிவை வாசகர் மனத்தில் வைக்க.

அதன்பின் எண்பத்தொன்பது நாள் அவன் இயற்றிய தவத்தை என்னென்று சொல்வோம். வலக்கையால் கொசு அடிக்கவில்லை. ஓங்கி மேசை தட்டவில்லை. கட்சிக் கூட்டத்துக்குப் போனவன் கைதட்டவில்லை. கட்சிக்காரர் சந்தேகமாகப் பார்த்தும் தட்டவில்லை. மாத்திரைக்கு முன் இரண்டு இட்லி தவறாமல் தின்றான். தவம் பலித்தால் சிதம்பரம் கீழ வீதி முனையில் வீற்றிருக்கும் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டான்.

தொண்ணூறாம் நாள் பங்குனி மாதத்து ஞாயிறாக விடிந்தது. மாலை ஆறு மணிக்குக் கெடு முடியும். அந்நேரத்துக்கே எழிலரசி கடலூர் பஸ்ஸில் வந்திறங்கித் தன் கையால் கடிகாரத்தைக் கழற்றுவதாகப் பேச்சு. மகள் வருமுன் வேண்டுதலை முடித்து, நெற்றியில் திருநீறோடு அவள்முன் நிற்க விரும்பினான் வீரன். ஆனால் ஞாயிறன்று நாலரைக்கு ராகுகாலம் தொடங்கி ஆறுவரை நிற்கும். ஆகவே நாலே காலுக்கே தன் தேரில் வந்திறங்கிப் பிள்ளையார்முன் நின்றான். ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுத்திருக்கலாம். ராகுகாலம் அவனைப் பொறுக்க விடவில்லை.

தேங்காய்க் கடை வைத்திருக்கும் ராஜாமணி, காதில் வைத்துத் தட்டிக் காயின் வயதறியும் கலையில் கீழ வீதியில் தனக்கு நிகரில்லாதவள், ஒரு காயை எடுத்துக் கொடுத்தாள்.

“நல்லா முத்துன காய்ண்ணே. ஓங்கிப் போடுங்க.”

ஓங்கினான் பொன்னுரங்கம். தொண்ணூறு நாள் அடக்கி வைத்த வலக்கை விண்ணோக்கி எழுந்தது. கொசுவுக்குத் தராத வேகமும், மேசைக்குத் தராத வேகமும், கட்சிக்கே தராத வேகமும் ஒன்று சேர்ந்து இறங்க, காய் கல்லில் பட்டு நூறு சில்லாகச் சிதறியது, தேங்காய்த் தண்ணீர் எழுந்து வீரனின் மார்பையும் மணிக்கட்டையும் நனைத்தது. அதன்பின் அவன் பக்தர் அனைவரும் செய்வதையே செய்தான். கண்ணை மூடி, கையைக் குவித்து, ஆடாது அசையாது நின்றான். ஒற்றனோ தான் கற்றதைக் கொண்டு கணக்கிட்டது. ஒரு பெரிய வீச்சு. ஒரு பெரிய அதிர்ச்சி. பிறகு அசைவில்லை. ஆள் விழுந்துவிட்டான்.

கடிகாரம் அதிர்ந்தது. நாற்பது. வீரன் அதைப் பிள்ளையார் தந்த சிலிர்ப்பு என்று எண்ணி மேலும் உருகினான். உருகியதில் பதினோரு விநாடி போயிற்று.

இருபத்தொன்பதில் கண் திறந்தவன் மணிக்கட்டைக் கண்டான். கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து ராஜாமணி, பிள்ளையாருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு இப்போது பயம், உண்மையான பயம். கம்பத்தின் உச்சியில் கயிறு நழுவிய நாளில்கூட அவன் இப்படி அஞ்சியதில்லை.

இடக்கைச் சுட்டுவிரலைச் செலுத்தினான். முப்பத்தாறு ஆண்டு செம்பும் அலுமினியமும் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன விரல், திரைக்கு விரலாகவே படவில்லை. இருபத்துநான்கு. திரைமேல் நின்ற தேங்காய்த் தண்ணீரை வேட்டியால் துடைத்தான். அது பாலியஸ்டர் கலந்த வேட்டி. நீரைக் குடிக்காமல் பரப்பியது. இருபது.

“ராஜாமணி, இத அமுக்கு, அமுக்கு,” என்று முழங்கினான் வீரன்.

ராஜாமணி பாய்ந்து வந்தாள். ஆனால் நாளொன்றுக்கு இருநூறு மட்டையுரிக்கும் அவள் கட்டைவிரலின் ரேகையை ரேஷன் கடை மிஷினே நான்கு மாதமாக ஒப்புக்கொள்ளவில்லை. கடிகாரமும் ஒப்புக்கொள்ளவில்லை. “எனுக்கு எங்கயும் இதே கததான்,” என்று சொல்லி அவள் விலகினாள். பதினாறு.

அப்போது எதிர்ச் சாரியிலிருந்து ஓடி வந்தான் ஆட்டோ இளவரசு, காக்கியணிந்த காளை, மென்விரல் மன்னன், தன் செல்போனில் ஒரு நாளில் முந்நூறு படங்களைத் தள்ளிப் பழகியவன். “கைய ஆட்டாதீங்க மாமா,” என்று ஆணையிட்டு, சட்டை நுனியால் திரையை அழுந்தத் துடைத்தான். ஈரம் போயிற்று. ஆனால் துடைத்த துடைப்பில் பக்கமும் தள்ளிப் போயிற்று. ‘இன்று நீங்கள் நடந்தது நாலாயிரத்து இருநூறு அடி, அருமை’ என்று பாராட்டியது கடிகாரம். இளவரசு மறுபக்கம் தள்ளினான். சிதம்பரத்தில் முப்பத்துநான்கு டிகிரி வெயில் என்றது. மேலே தள்ளினான். நேற்று நன்றாகத் தூங்கினீர்கள் என்றது. கண்காணாத இடத்தில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. கீழே தள்ளினான். வந்தது போர்க்களம், அதில் எஞ்சியிருந்தது ஐந்து.

“தப்பா எதுனா அமுக்கிட்டா என்னா மாமா பண்றது,” என்று இளவரசு கையை எடுத்துக்கொண்டான்.

நான்கு. மூன்று. வேறொருவனாயின் இங்கே விதியென்று விட்டிருப்பான். பொன்னுரங்கமோ, இரு கையும் வேலையில் இருக்கையில் டெஸ்டரைப் பல்லால் கடித்து வேலை முடித்த மரபினன். மணிக்கட்டை முகத்துக்கு உயர்த்தினான். குமராட்சி வட்டாரத்தில் யாவரும் அறிந்த அந்த மூக்கு, எடுப்பான, சற்றே வளைந்த, வெண்ணெய் தடவினாற்போல் மழுமழுப்பான மூக்கு, தாழ்ந்தது, தொட்டது, அழுந்தியது.

‘நலமே, மகிழ்ச்சி’ என்றது கடிகாரம். ஒன்றில் நின்றிருந்தது எண்.

ஆர்ப்பரித்தது கீழ வீதி. ஆர்ப்பரித்தோர் நால்வர், ஆயினும் ஆர்ப்பரித்தனர். விழாதவன் விழவில்லை என்று மூக்கால் நிலைநாட்டப்பட்டது. ராஜாமணி தன் ஸ்டூலை அரியணையாக இட்டு, ஒரு பன்னீர் சோடாவை உடைத்துத் தந்தாள். அமர்ந்தான் வெற்றிவீரன். இளவரசு, போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, மூக்கு இறங்கிய கணத்தை நடித்துக் காட்டினான். ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும் பொன்னுரங்கத்தின் நெஞ்சு பூரித்துத் துடித்தது. பத்து நிமிடம் அவன் ஆனந்தமாக, அசையாமல், அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

ஒற்றன் இதையும் கணக்கிட்டது. ஆள் உட்கார்ந்திருக்கிறான், நடக்கவில்லை, ஓடவில்லை, எனினும் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. இவ்வகைக்கு நாற்பது கிடையாது, பொத்தான் கிடையாது, மூக்குக்கும் வேலை கிடையாது. அது யாரையும் கேட்காமல் எழிலரசிக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

போன் அடித்தது. அவள் பஸ் அப்போது புதுச்சத்திரம் தாண்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“கீழ வீதியிலதாம்மா. தேங்கா ஒடச்சேன்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“அதெல்லாம் இல்ல. சந்தோஷத்துல அடிச்சிக்கிது, அவ்ளோதான்.”

“பக்கத்துல யாரு இருக்கா? போன அவுங்ககிட்ட குடுங்க.”

போனை வாங்கிய இளவரசு இரண்டு முறை “சரிங்க” என்றான். வெற்றிவீரன் ஆட்டோவில் ஏற்றப்பட்டு, வேட்டியில் தேங்காய்த் தண்ணீர் காயுமுன்னே, பக்கத்துத் தெருக் கிளினிக்கில் படுக்க வைக்கப்பட்டான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர், இதற்காகவா வந்தீர்கள் என்றும் கேட்டார். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான் பொன்னுரங்கம். வழக்கு வலுவானது. விழவில்லை என்பதற்கு மூக்கு சாட்சி. நெஞ்சு நன்றாக இருப்பதற்குக் காகிதம் சாட்சி. நடந்ததைச் சொல்ல ராஜாமணியும் இளவரசும் வாசலில் நின்றனர். உடன்படிக்கையை வரிவரியாகப் பிளக்கும் ஒரு பேருரையைக் கட்டிலில் படுத்தபடி அவன் ஆயத்தம் செய்தான்.

வந்தாள் எழிலரசி. செருப்பின் வார் அறுந்து, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். உடன்படிக்கை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றன் குடியிருந்த வலக்கையை விட்டுவிட்டு, மற்றக் கையை எடுத்து, நாடியில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தானே எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ணிக்கை தவறியது. மறுபடி தொடங்கினாள். மறுபடி தவறியது. ஆலையில் நூறு பேரைப் பதறாமல் வெளியேற்றத் தெரிந்தவள், மூன்றாம் முறையாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

பொன்னுரங்கம் அதைப் பார்த்தான். பேருரை முழுவதும் அவனுக்கு மறந்து போயிற்று. தேங்காயால் வீழாதவன், நாற்பது விநாடியால் வீழாதவன், அங்கே வீழ்ந்தான். வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“நான் கேக்கலியேப்பா,” என்றாள் எழிலரசி.

“வச்சிக்க. சாவியக் கொஞ்சம் ஆட்டிப் போடணும், இல்லன்னா புடிக்காது.”

கீழ வீதியில் நின்ற வண்டியை எழிலரசி ஓட்ட, பொன்னுரங்கம் பின்னால் உட்கார்ந்து, வழியில் ஒரு பாக்கெட் இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.