கொசுறு தராத கரடி

அன்பு மச்சான் தௌஹீத் அவர்களுக்கு,

அறந்தாங்கியிலிருந்து பக்கீர் முகமது ஸலாத்துடன் எழுதுவது. நீங்கள் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி டேப்பில் போட்டுக் கொடுத்த ஆன்லைன் பாடத்தில், உங்கள் மருமகள் பாசிலா கணக்கில் தோற்றுவிட்டாள். 'நான் மக்கு' என்று அழுதுகொண்டு கடைப்பக்கமே வர மாட்டேன் என்கிறாள். மற்றபடி எல்லோரும் சுகம். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கச்சி ரசியா பாதியில் பிடுங்கிப் பேசிவிடுவாள், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதும் நம் காய்கறிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தே வளர்ந்தவள். டேப்பில் ஒரு கரடி வந்து கேட்கிறது, ஒரு மாங்காய் எட்டு ரூபாய், பன்னிரண்டு என்ன விலை? தொண்ணூறு என்று போட்டாள். தப்பாம். டஜனாக எடுக்கிறவனுக்கு ஆறு ரூபாய் குறைக்காவிட்டால் அவன் மறுபடி நம் கடைக்கு வருவானா? அடுத்து, மூட்டைக்கு நூறு தேங்காய், ஐந்து மூட்டையில் எத்தனை? மொத்தமாக எடுத்தால் நூற்றுக்குப் பத்து லாபக்காய் சும்மா வருமே, அதையும் சேர்த்து ஐந்நூற்றைம்பது என்றாள். அதுவும் தப்பு. வாங்கிய இருபது தக்காளியில் நான்கு அழுகிவிட்டால் மீதி எத்தனை? இருபதாம். ஏனென்று கேட்டால், "அழுகுனதக் கொண்டுபோனா மாத்திக் குடுக்க மாட்டாங்களா அத்தா?" என்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கரடி தலையில் கைவைத்து 'மீண்டும் முயற்சி செய்' என்கிறது. ஒரு நாள் காலை ஏலத்துக்கு வரட்டும் அது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுத்துப் பாடத்தில் 'என் வீடு' பற்றி ஐந்து வரி. நாலு வரி அழகாக எழுதிவிட்டு, ஐந்தாவதாக 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று முடித்திருக்கிறாள். ரசியா சிரித்த சிரிப்பில் பிள்ளை இன்னும் சுருங்கிவிட்டது. அப்புறம், "எல்லாம் ஒங்க கடையால வந்த வெனை"ன்னு பழி என் மேல.

மச்சான், காசு போனாப் போகுது, நீங்க ஆசையாச் செஞ்சது. ஆனா அந்த முக்காலி காலியாக் கெடக்குறதப் பாக்க முடியல. வர்றவுங்க எல்லாம் "சின்ன மொதலாளி எங்க?"ன்னு கேக்குறாங்க. ஆகவே அந்தக் கரடியை உடனே நிறுத்திவிடுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு பரக்கத்தையும், நல்ல மேனேஜரையும், சீக்கிரம் லீவையும் தருவானாக.

உங்கள் மச்சான்,
பக்கீர் முகமது

பின்குறிப்பு: நிறுத்த வேண்டாம். நான் லாரியைப் பார்க்கப் போயிருந்தபோது பாசிலா இதை எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். என் கையெழுத்தைக் கடைக் கணக்கராலேயே படிக்க முடியாது. இப்படிப் படிக்க எங்கே கத்துக்கிட்டே என்றால், டேப்பில் அந்தக் கரடி காட்டும் கதைகளைப் படித்துத்தானாம்.

"அப்ப நான் மக்கு இல்லையா அத்தா? கரடிக்குத்தான் யாவாரம் தெரியலையா?"

"அதுக்கு ஏதும்மா கடை?" என்றேன்.

முக்காலிக்குத் திரும்பிவிட்டாள், சும்மா இல்லை, பேரம் பேசி. டேப்பில் கரடி சொல்லும் விலை, கடையில் நம் விலை. அதற்குப் பதிலாக அவள் தினம் ஒரு கதை படிப்பாள், நான் கேட்க வேண்டும். நாள் விட்டு நாள் என்று இழுத்துப் பார்த்தேன். "ஒரே வெல அத்தா" என்றுவிட்டாள். முடிவான பேச்சு இது: தராசை விட்டு எழுந்து, செல்லை அணைத்துவிட்டு, தினம் ஒரு கதை முழுசாக. நடுவில் போன் எடுத்தால் கொசுறாக இன்னொன்று.